ஊசி 1:1 காட்டுது, கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா?

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். வீட்டிலிருந்தே ரேடியோவில் ஊர் ஊராகப் பேசுகிற ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் கைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. விக்டர் யூனிஃபார்ம் த்ரீ என்று தொடங்கும் தன் கால்சைனை, அதாவது ரேடியோவில் தன் அடையாளப் பெயரை, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொள்கிற பருவம். எடுத்த எடுப்பில் கேட்டான்:

"அண்ணே, எந்த ஆன்டெனா டியூனர் வாங்கலாம்? மேனுவலா, ஆட்டோவா?"

"என்ன ஆன்டெனா கட்டியிருக்கே தம்பி?"

"இன்னும் கட்டலண்ணே."

மாடு வாங்கும் முன்னாடியே மூக்கணாங்கயிறு விலை கேட்கிற மாதிரிதான். ஆனால் அவனைச் சொல்லிக் குற்றமில்லை. புதிதாக வருகிறவர்கள் யாரைக் கேட்டாலும் ரிக் (பேசுகிற ரேடியோப் பெட்டி), பவர் சப்ளை, டியூனர் (ரிக்குக்கும் ஆன்டெனா கேபிளுக்கும் நடுவில் வைத்துப் பொருத்தம் பார்க்கிற பெட்டி) என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள், டியூனர் இல்லாமல் வாயே திறக்க முடியாது என்பது போல. நானும் அப்படி நம்பியவன்தான். அதிலும் ஆறேழு வருஷம் டியூனரே இல்லாமல் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அதற்கப்புறம் நம்பினேன் என்பதுதான் கொடுமை.

எங்கள் வீடு பட்டுக்கோட்டைப் பக்கம். கொல்லையில் இரண்டு தென்னை, நடுவே தாராளமாக இடைவெளி. அதில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிற 40 மீட்டர் பேண்டுக்கு ஒரு டைபோல், அதாவது நடுவில் கேபிள் சேருகிற கம்பி ஆன்டெனா, கட்டியிருந்தேன். கணக்கு ரொம்பச் சுலபம். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்தக் கம்பி நீளம் மீட்டரில் வந்துவிடும். 7.1க்கு 20.1 மீட்டர் சொச்சம், பக்கத்துக்குப் பத்து. வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது என்ற பயத்தில் முதலில் 20.6 மீட்டர் விட்டுக் கட்டினேன். எஸ்டபிள்யூஆர் மீட்டரின் ஊசி 6.94 மெகாஹெர்ட்ஸில் போய் இறங்கி நின்றது. பொருத்தமில்லாமல் எவ்வளவு பவர் திரும்பி வருகிறது என்று காட்டும் எண்தான் எஸ்டபிள்யூஆர், 1:1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை. மரம் ஏறுகிறவரை மறுபடி கூப்பிட்டு, இறக்கி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் வெட்டி ஏற்றினேன். அவ்வளவுதான் வேலை.

அந்த டைபோலுக்கு டியூனர் ஏன் தேவைப்படவில்லை என்பதை அப்போது நான் யோசிக்கவே இல்லை. நம் நாட்டில் 40 மீட்டர் பேண்ட் 7.0 முதல் 7.2 வரை, வெறும் 200 கிலோஹெர்ட்ஸ். மைய அலைவரிசையில் மூன்று சதவீதம்கூட இல்லை. நடுவில் வெட்டிய டைபோல் இரண்டு ஓரத்திலும் எஸ்டபிள்யூஆர் 2ஐத் தாண்டாது. என்னிடம் இருந்தது ஐகாம் ஐசி-718 ரிக். அதற்குள் டியூனர் கிடையாது, ஆனால் 2 வரை அது முகம் சுளிக்காது. போதாததற்கு 21 மெகாஹெர்ட்ஸும் ஓசியில் கிடைத்தது. 7க்கு அரை அலை நீளமாக இருக்கும் கம்பி, 21க்கு ஒன்றரை அலை நீளம் ஆகிவிடுகிறது. ஒற்றைப்படை மடங்கு என்பதால் நடுவில் மின்தடை மறுபடியும் கேபிளுக்கு ஒத்துவருகிற அளவுக்கு இறங்கிவிடும். இதெல்லாம் பின்னாடி தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், சாயங்காலம் ரிக்கைப் போட்டால் திருவனந்தபுரமும் பெங்களூரும் பக்கத்துத் தெரு மாதிரி கேட்கும் என்பதுதான்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வந்தது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்த ராத்திரியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால் தென்னை இரண்டும் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன, டைபோல் எங்கேயோ மட்டைக்கு அடியில். ரிக் மட்டும் துணி பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது.

எல்லாம் ஓய்ந்து கரண்ட் வந்து, வீட்டு ஓடுகளை மாற்றி, அப்புறம் ரேடியோ ஞாபகம் வர நாலு மாசம் ஆயிற்று. இனி மரம் இல்லை. மொட்டை மாடியில் ஜிஐ பைப் நட்டு, அதன் உச்சியிலிருந்து அதே நீளக் கம்பியைத் தலைகீழ் வி வடிவத்தில் இரண்டு பக்கமும் இறக்கினேன். பைப் உச்சியிலிருந்து சுவர் ஓரமாகச் சுற்றிப் பின்னறைக்கு வந்து சேர ஆர்ஜி-58 கேபிள் 30 மீட்டர் பிடித்தது. 40 மீட்டர் பேண்டில் பழையபடி வேலை செய்தது. அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு 20 மீட்டர் பேண்ட் மேல் ஆசை வந்தது.

அந்த 14 மெகாஹெர்ட்ஸில்தான் ஐரோப்பாக்காரர்கள் கிடைப்பார்கள், அதற்குத் தனிக் கம்பி கட்ட இடமில்லை, ஆகவே டியூனர் வாங்கினால் இதே கம்பியில் எல்லா பேண்டும் போகலாம் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். சென்னையில் ஒருவர் தன் பழைய மேனுவல் டியூனரைக் கொடுத்தார். கனமான பெட்டி, முன்பக்கம் இரண்டு கெப்பாசிட்டர் குமிழ், நடுவில் காயில் சுவிட்ச், இரண்டு முள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் மீட்டர். பார்க்கவே கம்பீரமாக இருக்கும். 14.200இல் வைத்துக் குமிழ்களைத் திருப்பினேன். முதலில் 5 பக்கம் நின்ற எஸ்டபிள்யூஆர் மெல்ல மெல்ல இறங்கி 1:1இல் உட்கார்ந்தது. ரிக் முழு 100 வாட்டும் கொடுத்தது. எனக்குக் கால் தரையில் இல்லை.

இத்தாலிக்காரர் ஒருவர் தெளிவாகக் கேட்டார். கூப்பிட்டேன். பதில் இல்லை. ரஷ்யாக்காரர், அப்புறம் துபாய்ப் பக்கம் ஒருவர். எல்லாரும் எனக்குக் கேட்கிறார்கள், நான் யாருக்கும் கேட்கவில்லை. இப்படியே இரண்டு மாசம். எனக்குச் சந்தேகம் ரிக் மேல் வந்தது, மைக் மேல் வந்தது, சூரியப் புள்ளிகள் குறைவு என்று சூரியன் மேல்கூட வந்தது. டியூனர் மேல் மட்டும் வரவில்லை. அதுதான் 1:1 காட்டுகிறதே!

தஞ்சாவூரிலிருந்து ஒரு பெரியவர் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் வீட்டுக்கும் வந்தார். தந்தி ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், மோர்ஸ் அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. நான் என் சோகத்தைச் சொல்லி முடிக்கும்வரை காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"மாடிக்குப் போய் அந்தக் கேபிளை ஆன்டெனாவுல இருந்து கழட்டிட்டு வாங்க."

"கழட்டிட்டா சார்?"

"கழட்டி அப்படியே தொங்க விட்டுட்டு வாங்க."

கழற்றிவிட்டு வந்தேன். ரிக்கின் பவரை 5 வாட்டுக்கு இறக்கச் சொன்னார். அவரே குமிழ்களில் கை வைத்தார். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று, காயிலை இரண்டு படி மாற்றினார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஊசி இறங்கி, இறங்கி, 1:1இல் உட்கார்ந்தது.

மறுமுனையில் ஆன்டெனாவே இல்லை. வெறும் கேபிள் பைப்பில் தொங்குகிறது. டியூனருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

"இதுக்கும் அதுக்கும் உங்க டியூனருக்கு வித்தியாசம் தெரியல பாத்தீங்களா," என்றார். மீதிக் காபியைக் குடித்தார்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 மீட்டர் டைபோலை 20 மீட்டர் பேண்டில் ஓட்டினால் அது முழு அலை நீளம் ஆகிவிடும், நடுவில் மின்தடை மூவாயிரம் ஓம் பக்கம் போய்விடும். 50 ஓம் கேபிளுக்கு அது 60:1. ஆர்ஜி-58 கேபிள், எல்லாம் பொருத்தமாக இருந்தால் 30 மீட்டருக்கு 14 மெகாஹெர்ட்ஸில் 1.7 டெசிபல் போலத் தின்னும். அதே கேபிளில் 60:1 பொருத்தமின்மை என்றால் தின்பது 11 டெசிபல். 100 வாட் ஏற்றினால் கம்பிக்குப் போய்ச் சேருவது 8 வாட்கூட இல்லை. மீதி 90 வாட்டுக்கு மேல் என் வீட்டுச் சுவரைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

இதில் ரொம்ப ஏமாற்றுகிற விஷயம் வேறு. ஆன்டெனா முனையில் 60:1 இருக்கும்போது ரிக் முனையில் மீட்டர் ஏன் 5:1 மட்டும் காட்டியது? போகும்போது வழியிலேயே கொஞ்சம் கரைகிறது, திரும்பி வருவதும் வருகிற வழியில் கரைகிறது, ஆகவே மீட்டருக்கு வந்து சேரும் எதிரொலி குறைச்சல். கேபிள் எவ்வளவு மோசமோ, எஸ்டபிள்யூஆர் அவ்வளவு அழகாகத் தெரியும். மறுமுனையை வெட்டிவிட்டாலும் கிட்டத்தட்ட அதே 5தான் வரும். வந்தது.

எனக்கு எல்லாரும் நன்றாகக் கேட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இந்த அலைவரிசைகளில் வானத்திலிருந்து வரும் இரைச்சலே அதிகம். கேபிள் 11 டெசிபல் தின்றால் சிக்னலும் இறங்கும், இரைச்சலும் அதே அளவு இறங்கும், விகிதம் மாறாது. வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினால் போயிற்று. பேசும்போதுதான் குட்டு உடையும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரே ஒரு உவமைதான் வரும். கல்லணைக் கால்வாயில் தண்ணீர் திறந்தாச்சு என்று பேப்பரில் வரும். தலைமதகில் அளவுகோல் முழுசாகக் காட்டும், அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். கடைமடையில் எங்கள் வயலுக்கு மடை திறந்து உட்கார்ந்திருந்தால் ஈரம்கூட வந்திருக்காது. நடுவில் தூர் வாராத மண் வாய்க்கால் எல்லாவற்றையும் குடித்திருக்கும். டியூனர் என்பது தலைமதகில் இருக்கிற ஷட்டர். ரிக்குக்கும் கேபிளுக்கும் நடுவில் இருக்கும் சண்டையை அது தீர்த்துவைக்கும். கேபிளுக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கிற சண்டை அதற்குத் தெரியவே தெரியாது. ஆன்டெனா டியூனர் என்ற பேரே தப்பு. அது ஆன்டெனாவை டியூன் செய்வதில்லை. பழைய ஆட்கள் மேட்ச்பாக்ஸ் என்பார்கள், அதுதான் யோக்கியமான பெயர்.

இதைப் படித்துவிட்டு, அப்போ டியூனரே வேஸ்ட் என்று கிளம்பிவிடாதீர்கள். நானும் அப்படிக் கோபித்துக்கொண்டு அதைப் பரணில் ஏற்றினேன். ஒரே மாசத்தில் இறக்கவும் வேண்டியிருந்தது.

பெரியவர் போகும்போது சொல்லிவிட்டுப் போனது, வாய்க்காலை மாற்று என்பதுதான். அவர் சொன்னபடி கேபிளைத் தூக்கிவிட்டு ஏணி மாதிரி இரட்டைக் கம்பி செய்தேன். எலெக்ட்ரிக்கல் கடையில் வாங்கிய 1.6 மில்லிமீட்டர் செம்புக் கம்பி இரண்டு, நடுவில் அரை மீட்டருக்கு ஒன்றாக, வயரிங் பைப்பை நறுக்கிச் செய்த குறுக்குச் சட்டங்கள், 10 சென்டிமீட்டர் இடைவெளி. ஒவ்வொரு துண்டிலும் ஓட்டை போட்டுக் கம்பியைக் கோத்து, நகராமல் இருக்கக் கட்டுக்கம்பி சுற்றுவதற்குள் இரண்டு ஞாயிறு போயின. வீட்டில் எல்லாரும் கயிற்று ஏணி செய்கிறேன் என்றே நினைத்தார்கள். 600 ஓம் பக்கம் வரும் லைன் அது. பிளாஸ்டிக் நிரப்பல் இல்லை, நடுவில் வெறும் காற்று. அதனால் எஸ்டபிள்யூஆர் பத்தோ அதற்கு மேலோ போனாலும் இந்த நீளத்துக்கு இழப்பு ஒரு டெசிபலைத் தாண்டாது. சிமென்ட் வாய்க்கால் மாதிரி. அலை எத்தனை தடவை முட்டித் திரும்பினாலும் பாதகமில்லை, மறுபடி டியூனரில் பட்டுத் திரும்பிக் கடைசியில் கம்பிக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

இப்படிக் கட்டினால்தான் டியூனர் கட்டாயம். ரிக் பார்க்கிற மின்தடை ஒரு பேண்டில் 80 ஓமாக இருக்கும், இன்னொன்றில் இரண்டாயிரமாக இருக்கும், அதை 50க்குக் கொண்டுவர ஏதாவது ஒன்று வேண்டும். பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினேன். டியூனர் பெட்டியின் பின்னால் ஒரு பேலன் (டியூனரையும் இரட்டைக் கம்பியையும் ஒத்துப்போக வைக்கிற சின்னச் சுருள்) போட்டு, இரட்டைக் கம்பியை ஜன்னல் மரச்சட்டத்தில் ஓட்டை போட்டு உள்ளே கொண்டுவந்தேன். ஜிஐ பைப்பிலிருந்தும் ஜன்னல் கம்பியிலிருந்தும் ஒரு சாணாவது தள்ளி வர வேண்டும், இல்லையென்றால் இரண்டு கம்பியின் சமநிலை கெட்டுப்போகும். பிள்ளைகள் கை படாத உயரத்திலும் இருக்க வேண்டும், 100 வாட்டிலேயே சில இடத்தில் தோலைச் சுடுகிற வோல்ட்டேஜ் வரும். முதல் நாள் சாயங்காலமே அதே 14 மெகாஹெர்ட்ஸில் இத்தாலியிலிருந்து பதில் வந்தது. அதே ரிக், அதே டியூனர், அதே 20 மீட்டர் கம்பி. மாறியது நடுவில் இருந்தது மட்டும்.

வேறு எங்கே டியூனர் வேண்டும் என்றால், என் அனுபவத்தில் நாலைந்து இடம்தான். 80 மீட்டர் பேண்டில் அலைவரிசையோடு ஒப்பிட்டால் பேண்டின் அகலம் பெரிது, ஒரு ஓரத்தில் வெட்டினால் மறு ஓரத்தில் 2.5, 3 என்று ஏறும். அங்கே டியூனர் நல்ல துணை, கேபிளும் அந்த அலைவரிசையில் அதிகம் தின்னாது. 3:1க்குப் பலர் அலறுவார்கள். கால்வாசி பவர் திரும்பி வருகிறது என்பது உண்மைதான், ஆனால் திரும்பி வருவதெல்லாம் வீண் ஆவதில்லை. 7 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஆர்ஜி-58இல் 3:1 ஆனால் கூடுதலாகப் போவது அரை டெசிபல் சொச்சம். எதிர்முனையில் இருப்பவர் காதுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் ரிக்குக்குத் தெரியும். டிரான்சிஸ்டர் ரிக்குகள் 2ஐத் தாண்டினாலே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பவரைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். கையால் செய்த பிட்எக்ஸ் மாதிரி சின்ன ரிக் என்றால் அந்தக் காப்பும் கிடையாது, கடைசியில் இருக்கும் ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர் சத்தமில்லாமல் செத்துப்போகும். அதற்காக டியூனர் போடுவது நியாயமான காரணம். ரிக்கைச் சமாதானப்படுத்தத்தான் போடுகிறோம் என்ற தெளிவு இருந்தால் சரி. பழைய வால்வு ரிக்குகளில் இந்தப் பேச்சே இல்லை. டியூன், லோட் என்று இரண்டு குமிழ் அதிலேயே இருக்கும், அதுவே பாதி டியூனர்.

சிலர் ஐசி-7300 மாதிரி உள்ளே டியூனர் இருக்கிற ரிக் வைத்திருப்பார்கள். அது 16.7 முதல் 150 ஓம் வரை, அதாவது 3:1க்குள் இருப்பதைத்தான் சரிசெய்யும். பேண்டின் ஓரத்தைச் சமாளிக்கப் போட்டது, கண்ட கம்பியை மாட்டவல்ல. "டக டக டக" என்று ரிலே அடித்துவிட்டுக் கைவிரித்தால் பட்டனை மறுபடி மறுபடி அமுக்காதீர்கள். அது சொல்வதைக் கேளுங்கள்.

அப்புறம், வெளியூர் போய்க் கிடைத்த மரத்தில் கிடைத்த நீளத்துக்குக் கம்பியை வீசுகிற வேலை. 9:1 டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு டியூனரும் பையில் இருந்தால் ஏதோ ஒன்று நடக்கும். புயல் நேரத்தில் டைபோல் அளந்து கட்ட நேரம் இருக்காது, ஒரு பேச்சுக்கு 10 வாட் வெளியே போனாலும் பேரிடர் வேலைக்குப் போதும். இதற்காகவே ஒரு சின்ன டியூனரைப் பேட்டரியோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். இப்போது பலரும் போடுகிற எண்ட்-ஃபெட் கம்பி, அதாவது ஒரு முனையில் கேபிள் சேருகிற கம்பி, வேறு ரகம். 49:1 டிரான்ஸ்ஃபார்மரோடு 20 மீட்டர் கம்பி போட்டால் 40, 20, 15, 10 நான்கிலும் பெரும்பாலும் டியூனர் இல்லாமலே ஓடும். இடம் இல்லாதவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன்.

மழைக்காலத்துக் கதை ஒன்று. கஜாவுக்கு ரெண்டு வருஷம் கழித்து, 2 மீட்டர் பேண்டுக்கு மாடியில் வைத்திருந்த ஆன்டெனாவின் எஸ்டபிள்யூஆர் ஐப்பசி மழையில் 1.6லிருந்து 1.1க்கு இறங்கியது. நான் ஒன்றுமே செய்யவில்லை, தானாகவே நன்றாகிவிட்டது! சந்தோஷம் ஒரு வாரம் நீடித்தது. சிக்னல் ரிப்போர்ட் எல்லாம் ஏன் சரிகிறது என்று ஏறிப் பார்த்தால், கனெக்டரைச் சுற்றியிருந்த டேப் வெயிலில் பிளந்து கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. கத்தி வைத்துச் சீவினேன். பளபளவென்று இருக்க வேண்டிய பின்னல் கம்பி கறுத்துப் பச்சை பூத்து, நசுக்கினால் சொட்டு விழுந்தது. அன்றிலிருந்து, காரணம் தெரியாமல் எஸ்டபிள்யூஆர் நல்லதானால் நான் முதலில் ஏணியைத் தேடுகிறேன்.

மேனுவல் டியூனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். நம்மிடம் இருப்பதில் பெரும்பாலானவை இரண்டு கெப்பாசிட்டர், நடுவில் ஒரு காயில் உள்ள டி அமைப்பு. அதில் ஒரே ஆன்டெனாவுக்கு நாலைந்து இடத்தில் 1:1 கிடைக்கும், எல்லாம் ஒன்றல்ல. கெப்பாசிட்டர்கள் முடிந்தவரை அதிகமாக, காயில் முடிந்தவரை குறைவாக இருக்கிற இடத்தில் இழப்பு குறைவு. எதிர்த்திசையில் போய் நின்றால் காயில் சுடும், சில சமயம் கெப்பாசிட்டர் தகடுகளுக்கு நடுவில் நீலப்பொறி பறக்கும், மழைக்கு முன்னால் வரும் வாசனை மாதிரி ஒரு வாசனை அடிக்கும். முதலில் பேசாமல் கேட்டுக்கொண்டே திருப்புங்கள், இரைச்சல் அதிகமாகும் இடம்தான் ஏறக்குறைய சரியான இடம். அப்புறம் 10 வாட்டில் நுணுக்கமாக. ஒவ்வொரு பேண்டுக்கும் மூன்று எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த தடவை பத்து விநாடி வேலை. தயவுசெய்து யாராவது பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையில் போய் டியூன் போடாதீர்கள். காலையில் நாலு பேர் கூடிப் பேசும்போது நடுவில் ஒரு நீளமான "ஊஊ" வரும் பாருங்கள், காது வலிக்கும்.

மன்னார்குடித் தம்பிக்கு இதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. டியூனர் காசை எடுத்து வை, முதலில் 20.6 மீட்டர் கம்பி வாங்கு, 7.1க்குக் கட்டு, சாண் சாணாக வெட்டு என்று மட்டும் சொன்னேன். போன வாரம் கூப்பிட்டான்.

"அண்ணே, 1.3 காட்டுது! ஹைதராபாத் பேசிட்டேன். டியூனர் வேணாம்ல?"

"வேணாம்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் மெதுவாக, "அப்ப 20 மீட்டருக்குண்ணே? இதே கம்பியில ஒரு டியூனர் போட்டா?"

"என்ன கேபிள் போட்டிருக்கே?"

"ஆர்ஜி-58 அண்ணே. ஒரு 30 மீட்டர்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பழைய கேபிள் சுருள் இன்னும் பரணில்தான் இருக்கிறது. இறக்கி, ஒரு முனையை டியூனரில் மாட்டி, மறுமுனையைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். காபியை நான் ஆற்றிக்கொள்கிறேன், குமிழை அவனே திருப்பட்டும்.